தோட்டத்தில் ஒரு பெண்: இம்ப்ரெஷனிஸ்ட் முறையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி

வெள்ளை உடை, மரத்தடி, இலைகளுக்கு நடுவே சிந்தும் வெயில். இந்தக் காட்சியைத் தீட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது நிழலில்தான். வெயில் பட்ட இடத்துக்கு வெள்ளையும் மஞ்சளும் எடுத்து வைப்பது யாருக்கும் வரும். நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணி எவ்வளவு மங்க வேண்டும், எந்த நிறத்தின் பக்கம் சாய வேண்டும் என்பது சரியாக அமையாவிட்டால், மேலே எத்தனை வெள்ளையை அப்பினாலும் படத்தில் வெயில் அடிக்காது. இம்ப்ரெஷனிஸ்ட் முறை என்பது நுணுக்க விவரங்களை விட்டுவிட்டு, அந்த நேரத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனித் தூரிகைத் தீற்றல்களில் பிடிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவிய முறை. கீழே சொல்லும் வேலை முறை முழுக்க இந்த நிழல் விஷயத்தைச் சுற்றியே போகிறது.

இந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சு ஓவியர் கிளோத் மொனே 1866-67இல் தீட்டிய 'தோட்டத்தில் பெண்கள்' இதற்கு நல்ல பாடம். பாரிஸுக்கு அருகே வில் தாவ்ரேயில் வெட்டவெளியில் தொடங்கிய படம்; உயரம் இரண்டரை மீட்டர். மேல்பகுதியைத் தீட்டும்போதும் பார்வைக் கோணம் மாறக் கூடாது என்பதற்காகத் தரையில் குழி வெட்டி, கேன்வாஸை அதற்குள் இறக்கி ஏற்றினார். இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில், தரையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் பாவாடையைப் பாருங்கள். நிழல் விழுந்த பகுதியைத் தனியாக ஒரு காகிதத் துளை வழியே பார்த்தால் அது வெள்ளையே இல்லை, நீலம் கலந்த சாம்பல். முழுப் படமாகப் பார்க்கும்போது மட்டும் வெள்ளைத் துணியாகத் தெரிகிறது.

இடமும் நேரமும்

சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொப்பியின் நிழல் முகம் முழுவதையும் மூடிவிடும், உடையின் மடிப்புகள் தட்டையாகும். காலையிலோ பிற்பகலிலோ சூரியன் சரிந்திருக்கும்போது, அந்தப் பெண்ணின் பின்பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும்படி உட்கார வைப்பது கற்றுக்கொள்பவர்களுக்கு மிகவும் எளிது. அப்போது உருவத்தின் பெரும்பகுதி ஒரே நிழலாகிவிடும். தோள், தொப்பியின் விளிம்பு, மடியின் ஓரம் ஆகியவற்றில் மட்டும் மெல்லிய வெயில் கோடு ஓடும். மொனே 1875இல் தீட்டிய, குடை பிடித்த பெண்ணின் படமும் இப்படி எதிர்வெளிச்சத்தில் அமைந்ததுதான்.

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் போனால் நிழலின் திசையே மாறிவிடும். வேலை தீராவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். நாற்காலிக் கால்களும் அவரது பாதங்களும் இருக்கும் இடத்தில் சிறு ஆணி அடித்தோ கல் வைத்தோ அடையாளம் செய்யுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவரை எழுந்து நடக்க விடுங்கள். அசையாமல் உட்கார்ந்தே இருப்பவரின் தோள்கள் மெல்லச் சரிந்துகொண்டே போகும், அதைக் கவனிக்காமல் நீங்களும் சரித்துக்கொண்டே போவீர்கள்.

நீங்கள் நிற்பது அவரிடமிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி. கேன்வாஸ் கட்டாயம் நிழலில் இருக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்துத் தீட்டினால் எல்லா நிறமும் பளீரென்று தெரியும். நீங்களும் அதற்கேற்ப இருட்டாகக் கலந்துவிடுவீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் படம் மண்டிபோல் இருண்டு கிடக்கும். வண்ணக் குடையும் உதவாது, அதன் சாயம் வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டின் மேல் படியும். வெள்ளை அல்லது சாம்பல் குடை பரவாயில்லை. சட்டையும் சாம்பலோ கருநிறமோ ஆக இருக்கட்டும். சிவப்புச் சட்டை ஈரமான வண்ணத்தின்மேல் பிரதிபலிக்கும். கேன்வாஸின் பின்புறம் வெயில் பட்டால் துணி வழியே வெளிச்சம் ஊடுருவும், பின்னால் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள்.

ஆள் உட்கார முடியாதபோது புகைப்படத்தை வைத்தும் தீட்டலாம். ஆனால் கேமரா ஒன்று நிழலைக் கறுப்பாக்கும், இல்லையென்றால் வெயிலை வெளுத்துவிடும். ஒரே காட்சியை நிழலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரண்டு வெளிச்ச அளவில் எடுத்து, நிழலின் நிறத்தை முதல் படத்திலிருந்தும் வெயிலின் நிறத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ், தூரிகை, வண்ணம்

முதல் முயற்சிக்கு 40 × 50 செ.மீ. போதும். பெரிதாகப் போனால் ஒரே அமர்வில் முழுப் பரப்பையும் மூட முடியாது. சிறிதாகப் போனால் தூரிகை வீச்சுக்கு இடம் இருக்காது. ஜெஸ்ஸோ (கேன்வாஸில் முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு பூசிக் காய்ந்த பிறகு, அக்ரிலிக் வெள்ளையில் சிறிது காவி மஞ்சளும் துளி சாம்பலும் கலந்து மெல்லிய பாலாடை நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு நாள் காய விடுங்கள். சுத்த வெள்ளைப் பரப்பில் முதலில் வைக்கும் எந்த நிறமும் அளவுக்கு மீறி இருட்டாகத் தெரியும். அந்தப் பயத்திலேயே மொத்தப் படத்தையும் வெளிறடித்துவிடுவோம். இந்தப் பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. பச்சைத் தீற்றல்களுக்கு நடுவே அங்கங்கே தெரியும் இளஞ்சூடான அடிநிறம் தோட்டம் முழுவதையும் ஒன்றாகப் பிணைக்கும்.

தூரிகைகள் பன்றி மயிரில், தட்டை அல்லது ஃபில்பெர்ட் (முனை வளைந்த தட்டை) வகையில்: 4ஆம் எண் இரண்டு, 6 இரண்டு, 8 ஒன்று, 10 ஒன்று. மென்மையான தூரிகை ஒன்று, ஓரங்களைக் கரைக்க. கூர்முனைத் தூரிகையைப் பையிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் கண்ணிமை வரையத் தோன்றும்.

1905இல் எழுதிய ஒரு கடிதத்தில் மொனே தன் வண்ணங்களாகச் சொன்னது ஆறே ஆறு: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மில்லியன், அடர் மேடர் (கருஞ்சிவப்பு), கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை. இன்றைக்கு ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை, வெர்மில்லியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பு லைட், மேடருக்குப் பதில் பெர்மனென்ட் அலிசரின், பச்சைக்கு விரிடியன் என்று எடுத்துக்கொண்டால் போதும். அல்ட்ராமரைன் என்ற அடர்நீலம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆழமான நிழலுக்கு உதவும். பழைய வகை அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. டியூபில் 'பெர்மனென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். கறுப்பு வேண்டாம். விரிடியனும் அலிசரினும் சம அளவில் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஓர் அடர் நிறம் கிடைக்கும். அதைப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ சாய்க்க முடிவது கூடுதல் வசதி.

40 × 50 அளவுக்கு டியூபிலிருந்து பிதுக்க வேண்டியது: வெள்ளை 8 செ.மீ. நீளம், விரிடியன் 4, கோபால்ட் 4, மஞ்சள் 3, மற்றவை 2. விரிடியன் பலவீனமான நிறம், சீக்கிரம் தீரும். காட்மியம் நிறங்கள் நேர்மாறு. சிறிது பட்டாலே கலவையை ஆக்கிரமித்துவிடும். எனவே பச்சை கலக்கும்போது விரிடியனுக்குள் மஞ்சளைச் சிறிது சிறிதாகச் சேருங்கள், மஞ்சளுக்குள் விரிடியனைக் கொட்டாதீர்கள். வண்ணத்தைச் சிக்கனமாகப் பிதுக்குவது இந்த முறைக்கு ஒத்துவராது. தூரிகையில் வண்ணம் நிறைய ஏறினால்தான் ஒரே தீற்றலில் அது கேன்வாஸில் நிற்கும். இல்லையென்றால் தேய்க்க வேண்டிவரும், தேய்த்தால் சேறாகும்.

உருவத்தை நிறுத்துவது

பென்சில் தேவையில்லை. 4ஆம் எண் தூரிகையில் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கோபால்ட் நீலத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லைகளைப் போட்டுவிடுங்கள். தவறினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

முதல் கோடு கண்மட்டக் கோடு, அதாவது உங்கள் கண்ணின் உயரத்தில் காட்சிக்குக் குறுக்கே ஓடும் கற்பனைக் கோடு. நீங்கள் நின்றபடி தீட்ட, அவர் உட்கார்ந்திருந்தால், அந்தக் கோடு அவர் தலைக்கு மேலே போகும். அவர் மடியின் மேற்பரப்பு உங்களுக்குத் தெரியும், புல்தரை அவருக்குப் பின்னால் உயர்ந்து ஏறும். நீங்களும் உட்கார்ந்து தீட்டினால் கோடு அவர் கண்ணின் மட்டத்திலேயே ஓடும், தரை குறுகிவிடும். இதைக் கலந்து போட்டுவிட்டால், அதாவது நின்று பார்த்த தோட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்த பெண்ணை வைத்துவிட்டால், நாற்காலி சரிவில் வழுக்குவதுபோல் இருக்கும். நிறத்தால் இதைச் சரிசெய்ய முடியாது.

உட்கார்ந்த உருவம் கேன்வாஸில் 25 செ.மீ. உயரம் எடுத்துக்கொண்டால் தலை 4 செ.மீ. அளவில் வரும். நேர் நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வைத்து, அவர் பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். வெளிறிய உடையின் வெயில் விளிம்புக்குப் பின்னால் இருண்ட புதர் வரும்படி உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நிழல்

கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். இலை, இதழ், மடிப்பு எல்லாம் மறைந்து, வெயிலும் நிழலுமாக நான்கைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றில் நிழல் திட்டுகளை முதலில் மூடுங்கள்: பின்புதர், மரத்தடி, புல்லின் மேல் விழும் நிழல், உடையின் நிழல், தொப்பியின் அடிப்பகுதி. 8, 10ஆம் எண் தூரிகைகளால், டர்பன்டைனில் சற்று இளக்கிய வண்ணத்தால், மெல்லியதாக. அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வெயில் பட்ட இடங்களில் அடிநிறம் அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை உண்டு. கேன்வாஸைத் தாங்கும் ஈசலிலிருந்து நான்கு எட்டு வைத்துப் பின்னால் போய் பாருங்கள். வெறும் நிழல்களை மட்டும் போட்ட நிலையிலேயே, மூடாத பகுதிகளில் வெயில் அடிப்பது போன்ற உணர்வு வர வேண்டும். வரவில்லையென்றால் நிழல்கள் வெளிறிப்போயிருக்கின்றன, இப்போதே அழுத்துங்கள். பிறகு வெள்ளையைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் பலிக்காது. டியூபில் இருக்கும் வெள்ளைக்குமேல் வெளிச்சமான வண்ணம் உலகில் கிடையாது.

உடை

டோன், அதாவது வெளிச்ச இருட்டின் அளவு, கறுப்புக்கு 1 என்றும் வெள்ளைக்கு 10 என்றும் வைத்துக்கொண்டால், வெயிலில் இருக்கும் வெள்ளைத் துணி 9க்கு மேல். அதே துணி மரநிழலில் 6இலிருந்து 7. வெயிலில் இருக்கும் புல்லும் ஏறக்குறைய அதே 6, 7தான். நிழலில் இருக்கும் வெள்ளை உடையும் வெயிலில் இருக்கும் பச்சைப் புல்லும் டோனில் கிட்டத்தட்டச் சமம் என்றால் மூளை நம்பாது. உடை வெள்ளை என்பது மூளைக்கு முன்பே தெரியும்; அதனால் நிழலையும் 8க்கு உயர்த்தச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பாருங்கள், இல்லையென்றால் காட்சியைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக எடுத்துப் பாருங்கள்.

நிழல் உடையின் அடிக்கலவை: வெள்ளை, கோபால்ட் நீலம், அலிசரின் சிறிது. இதில் ஊதா சாய்ந்த ஒரு சாம்பல் வரும். மிகவும் ஊதாவாகத் தெரிந்தால் மஞ்சளைத் துளியளவு தொட்டுக் கலந்து அடக்குங்கள். ஆனால் முழு உடையையும் இந்த ஒரே கலவையால் மூடினால் அது சுண்ணாம்புச் சிலையாகிவிடும். துணியின் ஒவ்வொரு பகுதியும் எதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதோ அதன் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தோளின் மேற்பகுதி, மடியின் மேற்பரப்பு ஆகியவை வானத்தைப் பார்ப்பவை, அங்கே கோபால்ட்டைக் கூட்டுங்கள். கையின் அடிப்புறமும் பாவாடையின் கீழ்மடிப்பும் புல்லைப் பார்ப்பவை, அங்கே விரிடியனும் மஞ்சளும் லேசாகச் சேரும். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே துணி துணியையே பார்த்துக்கொண்டிருக்கும் இடுக்குகள் வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் சாய்ந்து இருக்கும். மெல்லிய மஸ்லின் என்றால் தோளிலும் கையிலும் தோலின் நிறம் ஊடே தெரியும். மேலே சொன்ன 1875ஆம் ஆண்டுப் படத்தில் கீழே பூத்திருக்கும் காட்டுப்பூக்களின் மஞ்சள் அந்தப் பெண்ணின் உடையின் முன்பக்கத்தில் ஏறியிருப்பதைக் காணலாம்.

இங்கே ஒரு விதியை மறக்கக் கூடாது. நீலச் சாம்பல், பச்சைச் சாம்பல், இளஞ்சிவப்புச் சாம்பல் மூன்றும் நிறத்தில் வேறுபடலாம், டோனில் வேறுபடக் கூடாது. சமமான டோனில் உள்ள வேறுவேறு நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்குள் அவை அதிர்ந்து, நிழல் காற்றோட்டமாகத் தெரியும். டோன் மாறிவிட்டால் அவை துணியில் படிந்த கறைகளாகத் தெரியும். இம்ப்ரெஷனிஸ்ட் முறையைப் போலச் செய்ய முயலும் பல படங்கள் புள்ளிக் கூட்டமாக உடைந்துபோவதற்குக் காரணம் இதுதான். தீற்றல் துண்டு துண்டாக இருப்பது பிரச்சினையே இல்லை.

வெயில் பட்ட துணிக்கு வெள்ளையோடு துளி மஞ்சளும் அதைவிடக் குறைவான காட்மியம் சிவப்பும் கலந்த பால்நிறம். இதைத் தடிமனாக, டர்பன்டைன் சேர்க்காமல் வையுங்கள். கலக்காத சுத்த வெள்ளையை மூன்று நான்கு இடங்களுக்கு மட்டும் மிச்சம் பிடியுங்கள். தீற்றலின் திசை துணி தொங்கும் திசை. மடியில் மட்டும் குறுக்காக.

முகமும் கையும்

3 செ.மீ. முகத்தில் கண், மூக்கு, வாய் மூன்றையும் வரைந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும், தோட்டம் வெறும் திரைச்சீலையாகிவிடும். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரான பெர்த் மொரிஸோ தோட்டத்துப் பெண்களின் முகங்களைச் சில தீற்றல்களிலேயே முடித்துவிடுவார்; ஆனாலும் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் சந்தேகம் வராது. தலையின் சாய்வும் தொப்பியின் கோணமும் சரியாக இருந்தால் ஆளை அடையாளம் காண அதுவே போதும்.

தொப்பி நிழலில் இருக்கும் முகத்துக்கு வெள்ளை, காட்மியம் சிவப்பு, மஞ்சள் கலந்து, அதில் விரிடியனோ கோபால்ட்டோ துளி சேர்த்து மங்கச் செய்யுங்கள். முதலில் முகம் முழுவதும் இந்த ஒரே நிறம். பிறகு கண்குழிகளுக்கு அதைவிட அரைப்படி இருண்ட இரண்டு தொடுகைகள், மூக்கின் அடியில் ஒன்று, உதட்டுக்கு ஒன்று, கன்னத்தில் சற்றுச் சிவந்த ஒன்று. தாடையின் அடியில் உடையிலிருந்தோ புல்லிலிருந்தோ எழும் வெளிச்சம் படும், அந்த இடம் கன்னத்தைவிட ஒளியாகக்கூட இருக்கலாம். வைக்கோல் தொப்பி என்றால் அதன் பின்னல் வழியே ஊடுருவும் வெயில் நெற்றியை ஆரஞ்சாக்கும். குடையானால் குடைத்துணியின் நிறம் இறங்கும்.

கைக்கு விரல் எண்ண வேண்டாம். உள்ளங்கைத் தொகுதி ஒரு தீற்றல், விரல்கள் சேர்ந்து ஒரு தீற்றல், கட்டைவிரல் தேவைப்பட்டால் ஒன்று.

நிழல் தோலில் பச்சையும் ஊதாவும் வைக்கும்போது அதை நிழல் டோனுக்குள்ளேயே வையுங்கள். 1876இல் நடந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கண்காட்சியில் அவர்களில் ஒருவரான ரெனுவார் காட்டிய, இலைநிழல் விழும் பெண்ணுடலைப் பார்த்துவிட்டு, அழுகும் சதையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் என்று விமர்சகர் அல்பேர் வோல்ஃப் எழுதினார். இன்று அந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. டோன் பிசகிய பயிற்சிப் படங்களுக்கு மட்டும் அந்த வசை அப்படியே பொருந்தும்.

பச்சை

டியூப் பச்சையை அப்படியே பூசிய தோட்டம் பிளாஸ்டிக் போலிருக்கும். பச்சைகளை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் மேலே பட்ட இலை: விரிடியன், மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. வெயில் ஊடுருவி ஒளிரும் இலை: மஞ்சள் மிகுதி, விரிடியன் குறைவு, வெள்ளை கூடவே கூடாது, வெள்ளை சேர்ந்ததும் ஒளிர்வு போய்விடும். வானத்தைப் பிரதிபலிக்கும் பளபளப்பான இலைமேற்பரப்பு: வெள்ளை, கோபால்ட், சிறிது விரிடியன், கிட்டத்தட்ட நீலம். நிழல் இலை: விரிடியன், அல்ட்ராமரைன், அலிசரின். நான்கிலும் அலிசரினோ காட்மியம் சிவப்போ துளி அளவில் ஓடிக்கொண்டிருந்தால் பச்சைகள் ஒன்றோடொன்று சண்டை போடாது.

உருவத்துக்குப் பின்னால் இருக்கும் இலைக்கூட்டத்தைக் குறுக்கும் மறுக்குமான தீற்றலில், புல்லைக் குட்டையான செங்குத்துத் தீற்றலில், பாதையைப் படுக்கைவாட்டில் தீட்டுங்கள். புல்லின் ஒவ்வொரு தாளையும் இழுக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு 10ஆம் எண் தூரிகையைக் கையில் எடுங்கள்.

உருவத்தைச் சுற்றியுள்ள ஓரம் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது பச்சைதான். வெயில் பட்ட தோள் இருண்ட புதரோடு சந்திக்கும் இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கட்டும். நிழல் பாவாடை நிழல் புல்லோடு சந்திக்கும் இடத்தில், இரண்டும் ஈரமாக இருக்கும்போதே மென்தூரிகையால் ஒருமுறை இழுத்து ஓரத்தைத் தொலைத்துவிடுங்கள். மொத்தச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்காவது இப்படித் தொலைய வேண்டும். எல்லா ஓரமும் கூர்மையாக இருந்தால் பெண் தோட்டத்துக்குள் இல்லாமல் அதன்மேல் நிற்பார். உடையின் சாம்பலைப் புதருக்குள் இரண்டு மூன்று இடங்களிலும், புதரின் பச்சையை உடைக்குள்ளும் தொட்டு வைப்பதும் உதவும்.

பூக்கள்

சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இங்கே செய்ய வேண்டியது குறைவு. பூக்கூட்டத்தின் நிழல் நிறத்தை ஒரு திட்டாக முதலில் போடுங்கள் (சிவப்பு ரோஜாவுக்கு அலிசரினும் கோபால்ட்டும்), அதன்மேல் வெயில் பக்கத்தில் இன்னொரு நிறம், கடைசியாக மிக அருகில் இருக்கும் பூக்களுக்கு மட்டும் தடிமனான இரண்டு மூன்று தொடுகை. தள்ளிப்போகப் போகத் தொடுகை சிறிதாகி, ஓரம் கரைந்து, நிறம் நீலத்தின் பக்கம் போகும்.

வெள்ளைப் பூ உடையோடு போட்டியிடும்; அதை ஒரு படி மங்கலாக வையுங்கள். சிவப்புப் பூவின் இழுப்பு வேறு எல்லாவற்றையும்விட அதிகம், பச்சைக்கு நடுவே இருந்தால் இன்னும் அதிகம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்பதை மிஷெல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர் 1839இலேயே விரிவாக எழுதிவிட்டார். சிவப்புப் பூவை உருவத்துக்கு அருகில் வைத்தால் கண் அங்கே வரும். கேன்வாஸின் ஓரத்தில் வைத்தால் கண் சட்டத்தை விட்டே வெளியேறும்.

வெயில் பொட்டுகள்

இலை இடைவெளி வழியே விழும் பொட்டு பெரும்பாலும் வட்டமாக இருப்பதற்குக் காரணம், அது சூரியனின் பிம்பம் என்பதுதான். சிறு இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் பொட்டு வட்டமே. அதன் விட்டம் இடைவெளிக்கும் பொட்டு விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு. 5 மீட்டர் மேலே உள்ள கிளையிலிருந்து விழும் பொட்டு நாலரை செ.மீ.க்குச் சற்று அதிகம், அதாவது முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நாம் எடுத்துக்கொண்ட அளவில் உருவம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியிருப்பதால், கேன்வாஸில் அது 9 மி.மீ. அளவு வரும்: 4ஆம் எண் தூரிகையின் ஒரு தொடுகை. தாழ்ந்த கிளையென்றால் பொட்டு சிறிதாக, ஓரம் கூர்மையாக இருக்கும்; உயர்ந்த மரமென்றால் பெரிதாக, ஓரம் மங்கலாக.

இதிலிருந்து சில விஷயங்கள் கிடைக்கின்றன. சாய்ந்து விழும் வெயிலாலும், நீங்கள் சரிவாகப் பார்ப்பதாலும், தரையில் விழும் பொட்டு நீள்வட்டமாகும். அங்கே முழு வட்டம் வைத்தால் தரை செங்குத்துச் சுவராகிவிடும். உடையின்மேல் விழும் பொட்டு மடிப்போடு வளையும், மடிப்பின் பள்ளத்தில் உடையும். சிறிய இடைவெளி குறைந்த வெளிச்சத்தையே அனுப்பும், எனவே எல்லாப் பொட்டும் ஒரே வெண்மையில் இருக்க முடியாது. இரண்டு மூன்று பிரகாசமானவை, ஏழெட்டு நடுத்தரமானவை, மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி ஒழுங்கற்ற திட்டுகளாக. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் பொட்டு வைத்துவிடுவதுதான் இந்தப் படவகையில் அதிகம் காணும் பிழை. உடையில் அச்சடித்த பூவேலையாகத் தோன்றிவிடும்.

பொட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது ஐந்து நிமிடத்தில் சுமார் 10 செ.மீ. நகரும், அதற்குள் கன்னத்திலிருந்த பொட்டு கழுத்துக்குப் போயிருக்கும். துரத்திப் பயனில்லை. அமர்வின் தொடக்கத்திலேயே நல்ல அமைப்பு ஒன்றைத் தேர்ந்து கோட்டில் குறித்துவிடுங்கள், அல்லது புகைப்படமாக எடுத்து வையுங்கள். பொட்டுகளை வைப்பது கடைசியில்; இடம் முதலிலேயே முடிவானது. முகத்தில் ஒன்றுக்குமேல் வேண்டாம், அதுவும் கண்ணின்மேல் வேண்டாம்.

வைக்கும் முறை: தூரிகையைத் துடைத்து, தடித்த வண்ணத்தை முனையில் எடுத்து, கீழே உள்ள ஈர நிழலைக் கிளறாமல் படுக்கவைத்துத் தொட்டு எடுங்கள். ஒரே தொடுகை. தூரிகையைத் துடைத்துவிட்டு அடுத்தது. நிழல் நிறம் தூரிகையில் ஒட்டிக்கொண்டு இரண்டாவது பொட்டிலேயே சாம்பலாக வரும், அப்போது துடைக்காமல் மூன்றாவதை வைப்பவர்களின் படத்தில் வெயில் புழுதியடைந்திருக்கும். வெளிச்சத்துக்கு ஒரு தூரிகைத் தொகுதி, நிழலுக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

இரண்டாம் அமர்வு

மறுநாளே வந்தால் வண்ணம் பெரும்பாலும் இன்னும் ஈரமாகவே இருக்கும், ஈரத்தின்மேல் ஈரமாகத் தொடரலாம். நாலைந்து நாள் கழித்து வந்தால் மேல்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கும். அந்த நிலையில் தொட்டால் அடிவண்ணம் உரிந்து வரும். ஒன்று உடனே வாருங்கள், இல்லையென்றால் விரலில் ஒட்டாதவரை, இரண்டு வாரம் போலக் காத்திருங்கள். காய்ந்த பரப்பின்மேல் வேலை செய்யும்போது மேலடுக்கில் எண்ணெய் கீழடுக்கைவிடக் குறையக் கூடாது. கீழே டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு, மேலே டியூபிலிருந்து வந்தபடியே தடித்த வண்ணம் என்ற வரிசை மாறினால் பின்னாளில் வெடிப்பு விடும். சில நிழல்கள் காய்ந்ததும் மங்கி வெளுத்தாற்போல் தெரியலாம், எண்ணெய் அடிப்பூச்சுக்குள் இறங்கியதால் வருவது அது. ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் பழைய ஆழம் திரும்பும். அதற்குமுன் நிறம் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இரண்டாம் அமர்வில் செய்யக் கூடாதது, விவரம் சேர்ப்பது. டோனைச் சரிசெய்யுங்கள், தொலைந்த வெயில் விளிம்பை மீட்டெடுங்கள், தேவையற்ற ஓரங்களைக் கரையுங்கள். ஓர் இடம் சேறாகிவிட்டிருந்தால் அதன்மேல் வண்ணம் ஏற்றாதீர்கள். பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அடிநிறம் தெரியும் வரை துணியால் துடைத்து, அந்த இடத்தை மட்டும் புதிதாக மூன்று நான்கு தீற்றலில் வையுங்கள். படம் வெளிறித் தூள்பூசியதுபோல் இருந்தால் நிழல்களில் வெள்ளை அதிகம் ஏறியிருக்கிறது என்று பொருள். அங்கே வெள்ளை இல்லாத அடர் கலவையால் மறுபடி அழுத்துங்கள், வெயிலைத் தொட வேண்டியிருக்காது.

காய்வதும் சுத்தமும்

எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி மூடிய டின்னில் வையுங்கள். காட்மியம் நிறங்கள் கையில் பட்டால் உணவுக்கு முன் கழுவுங்கள். காய்ந்த காட்மியம் பரப்பை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தூசு நுரையீரலுக்குக் கெடுதல். டர்பன்டைனைத் திறந்த வெளியிலோ காற்றோட்டமான அறையிலோ மட்டும் பயன்படுத்துங்கள். தூரிகைகளைத் துணியில் துடைத்து, டர்பன்டைனில் அலசி, பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டு நுரை வெள்ளையாகும்வரை கழுவி, படுக்கவைத்து உலர விடுங்கள்.

தடித்த வெள்ளைப் பொட்டுகள் உள்ளுக்குள் காய மாதக்கணக்காகும். படத்தை இருட்டறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும், வெளிச்சமுள்ள அறையில், நேர் வெயில் படாத சுவரில் வையுங்கள். வார்னிஷ் போடுவதானால் குறைந்தது ஆறு மாதம் கழித்து, பளபளப்பு இல்லாத வகையாகத் தேர்ந்தெடுங்கள். போடாமலே விடுவதும் இந்தப் பாணிக்குப் பொருத்தமானதே. மற்றொரு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரான பிஸ்ஸாரோவும் மொனேயும் தங்கள் படங்களின் பரப்பு மினுங்காமல் இருப்பதையே விரும்பினார்கள். அப்படி விட்டால் தூசியைத் தடுக்க முன்னால் கண்ணாடி இருக்கட்டும், தடித்த வண்ணத்தில் உரசாதபடி சட்டத்துக்குள் அரை செ.மீ. இடைவெளி விட்டு.